வளைந்த சுடரின் கணக்கு

வட்டகொடையில் மழை பலமாகப் பிடித்தால் மின்சாரம் போய்விடும். அன்றும் போனது. பெரியம்மா இருட்டிலேயே எழுந்து, அடுப்பங்கரை மூலையில் இருந்த குப்பி லாம்பைத் தடவி எடுத்துப் பற்றவைத்தார். கதவிடுக்கால் நுழைந்த காற்று சுடரை ஒரு பக்கமாக இழுத்தது. சுடர் நீண்டு, மெலிந்து, அடியில் நீலமாகி அணையப் போனது. பெரியம்மா உள்ளங்கையைக் குவித்து அதன் பக்கத்தில் பிடித்தார். சுடர் நிமிர்ந்துகொண்டது.

அந்தக் கைவைப்பு அவருக்குப் பழகியது இங்கே இல்லை. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வடக்கே போன பல்லாயிரம் பேரில் பெரியம்மாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, கிணறு தோண்டி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த வருடங்களில், சின்னப் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்த ஜாம் போத்தல் விளக்கில்தான் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வழியே வெளியே வந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, 2010இல் பெரியம்மா இதே லயத்துக்குத் திரும்பினார். அவரும் மூத்த அக்காவும் மட்டும் திரும்பினார்கள். பெரியப்பாவையும் அண்ணாவையும் பற்றிக் கேட்டால் பல்குழல் என்று ஒரு சொல் சொல்வார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் தேடத் தொடங்கினேன். நான் சுயாதீனச் செய்தியாளர். படித்தது ஊடகக் கற்கை. விஞ்ஞானத்தை சாதாரண தரத்தோடு விட்டவள். நான் படித்த பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பல்குழல் எறிகணை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனபோது, இரண்டாம் உலகப் போரின் கத்யூஷா ராக்கெட்டில் போய் நின்றேன். அந்த ராக்கெட்டின் வெடிமருந்து எப்படி எரிகிறது என்று கணக்குப் போட்டவர்களில் ஒருவர் பெயர் யாக்கோவ் பொரிசோவிச் செல்டோவிச். அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவற்றில் முதன்மையானது வேறொன்று: ஒரு சுடர் ஏன் நிலைக்கிறது, ஏன் கலைகிறது, ஏன் அணைகிறது.

அன்றிரவு பெரியம்மாவின் உள்ளங்கைக்குள் நடந்ததும் அதுதான். அதனால் அவருடைய கதையை விட முடியவில்லை.

வாசலில் நின்ற பதினேழு வயது

செல்டோவிச் 1914 மார்ச் 8ஆம் திகதி பெலாரஸின் மின்ஸ்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வட்டகொடைக்காரருக்கு 1914 மறக்கக்கூடாத வருடம். எங்கள் மடக்கும்புர தோட்டத்தில் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்ததும் அதே வருடம்தான். ஒருவர் சுடரைக் கணக்கிட்டார். மற்றவர் லயத்து மக்களின் வாழ்வைக் கவிதையாக எழுதினார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இந்தக் கட்டுரை முழுதும் இந்த இரண்டு வாழ்க்கைகளும் எனக்கு அருகருகே ஓடிக்கொண்டே இருந்தன.

அவருடைய அப்பா வழக்கறிஞர். அம்மா பிரெஞ்சு இலக்கியத்தை மொழிபெயர்த்தவர். குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தபோது குடும்பம் பெத்ரோகிராட் நகருக்குக் குடிபோனது. பின்னாளில் அது லெனின்கிராட் ஆனது. பாடசாலை முடித்ததும் செல்டோவிச் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. கனிமங்களைப் பதப்படுத்தும் ஒரு நிறுவனத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். 1931 மார்ச்சில், அங்கிருந்து ஒரு குழுவோடு லெனின்கிராட்டின் இரசாயனப் பௌதிக ஆய்வுகூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். நைத்திரோகிளிசரின் எப்படிப் படிகமாகிறது என்று அங்கே ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பையன் கேட்ட கேள்விகளும் சொன்ன கருத்துகளும் அவர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தன. ஓய்வு நேரத்தில் வந்து வேலை செய்யும்படி அழைத்தார்கள். மே மாதம் அவர் அங்கேயே சேர்ந்துவிட்டார். பழைய நிறுவனத்துக்கு ஓர் எண்ணெய்ப் பம்பைக் கொடுத்து அவரை மாற்றி வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே அதை வைத்துக்கொள்வோம்.

அந்த நிறுவனத்தின் தலைவர் நிக்கொலாய் செம்யோனொவ். சங்கிலித் தாக்கங்களை ஆராய்ந்ததற்காக 1956இல் இரசாயன நோபல் பரிசு பெற்றவர். முதல் பட்டமே இல்லாத அந்தப் பையனை அவர் ஏற்றுக்கொண்டார். அங்கிருந்தவர்கள் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். 1936இல், 22 வயதில், செல்டோவிச் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1939இல், 25 வயதில், அதற்கும் மேலான டாக்டர் பட்டம். தீச்சுவாலையின் சூட்டில் காற்றிலுள்ள நைதரசன் எப்படி ஒட்சியேறுகிறது என்பது அந்த ஆய்வு. இன்றைக்கு வாகனப் புகையில் நச்சைக் குறைக்க முயலும் பொறியியலாளர்கள் எல்லோரும் தொடங்கும் இடம் அது. அந்தத் தாக்கத்துக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு கதவைத் திறந்துவிட யாராவது இருந்தால் போதும் என்று நாங்கள் பேசிக்கொள்வோமே, அதற்கு அவர் கண்கண்ட சாட்சி.

ஆனால் அந்த நகரத்தை அழகாக்கிச் சொல்லவும் கூடாது. ஸ்டாலினின் கைதுகள் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. அதே லெனின்கிராட்டில் வேலை செய்துவந்த மத்வேய் பிரான்ஸ்டைன் என்ற இளம் பௌதிகவியலாளரை 1937இல் பிடித்துக்கொண்டு போனார்கள். 1938 பெப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவிக்குச் சொல்லப்பட்டதோ, கடிதம் எழுத உரிமையில்லாத பத்து வருடச் சிறை என்பதுதான். பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் நம் அம்மாக்களுக்கு இந்த வகைப் பதிலை விளக்கத் தேவையில்லை.

நிரை பிடித்த சுடர்

1938இல் செல்டோவிச்சும் அவருடைய நண்பர் தவீத் பிராங்க்-கமெனெத்ஸ்கியும் சேர்ந்து, சுடர் எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதற்கு ஒரு கோட்பாட்டைத் தந்தார்கள். இங்கே சுடர் என்பது குப்பி லாம்பின் மஞ்சள் சுடர் அல்ல. அதில் எண்ணெய் ஆவியும் காற்றும் எரியும் இடத்தில்தான் சந்திக்கின்றன. அவர்கள் எடுத்துக்கொண்டது வாயுவும் காற்றும் முன்பே கலந்திருக்கும் சுடர். கேஸ் அடுப்பின் துளைகளுக்கு மேலே நிற்கும் சிறிய நீலக் கூம்பைப் பாருங்கள், அது அந்த வகை. உண்மையில் அது ஒரு மெல்லிய தோல். மில்லிமீற்றரில் சிறு பங்குதான் தடிப்பு. தோலுக்கு ஒரு பக்கம் எரியாத குளிர்ந்த வாயு, மறுபக்கம் எரிந்து முடிந்த சூடான வாயு. சூடு முன்னோக்கிப் பரவி எரியாத வாயுவைக் காய்ச்சுகிறது. எரிபொருள் பின்னோக்கி ஊர்ந்து சூட்டுக்குள் வருகிறது. இந்த இரண்டும் சமப்படும் வேகத்தில் தோல் நகர்கிறது. சமையல் வாயு போன்றவற்றில் அது செக்கனுக்கு 40 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். ஐதரசனில் அதைவிடப் பல மடங்கு.

இந்தத் தோல் நேராக இருந்தால் கணக்கு எளிது. வளைந்தால்தான் சிக்கல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது எங்கள் மலைதான்.

கொழுந்து மலையில் பெண்கள் நிரை பிடித்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிரை நேராகப் போனால் எல்லோருக்கும் முன்னால் ஒரே அளவு கொழுந்து. ஒருவர் மட்டும் நாலடி முந்திவிட்டார் என்று வையுங்கள். இப்போது அவருக்கு முன்னாலும் இரு பக்கத்திலும் பறிக்காத செடி. கூடைக்குக் கொழுந்து கூடுதலாக வரும். ஆனால் பனிக்காற்றும் அவரை முன்னாலும் இரு பக்கத்திலும் அடிக்கும். உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும். கூடுதல் கொழுந்து முந்துமா, கூடுதல் குளிர் முந்துமா? முதலாவது என்றால் அவர் இன்னும் இன்னும் முன்னே போவார், நிரை உடையும். இரண்டாவது என்றால் அவர் தளர்ந்து பின்வாங்குவார், நிரை மறுபடி நேராகும்.

சுடரும் அப்படியே. எரியாத வாயுவின் பக்கம் புடைத்த இடத்தில் சூடு விரிந்து சிதறும், எரிபொருள் குவிந்து வரும். எரிபொருள் கொஞ்சமாகக் கலந்த ஐதரசனில், இலேசான ஐதரசன் சூட்டைவிட வேகமாக ஊர்ந்து வந்து சேர்ந்துவிடும். புடைப்பு மேலும் புடைக்கும், சுடர் சிறு சிறு கண்ணறைகளாக உடையும். அதே அளவுக்குப் புரொப்பேன் போன்ற கனமான வாயுவைக் கலந்தால், எரிபொருள் வந்து சேருமுன் சூடு ஓடிவிடும். புடைப்பு தளர்ந்து சுடர் சமப்படும். வளைவு ஒரு சுடரைக் காக்கவும் செய்யும், கலைக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது எரிபொருளைப் பொறுத்தது.

இதற்கு முன்பே ஒரு புதிர் இருந்தது. லெவ் லந்தாவ், செல்டோவிச்சின் சமகாலத்து மேதை, 1938இல் கைதாகி ஒரு வருடம் சிறையில் கிடந்து, பியோத்தர் கபீத்சா மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களால் உயிர் தப்பியவர். அவர் 1944இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பிரான்சில் டாரியூஸ் என்பவர் ஏற்கெனவே அதே முடிவுக்கு வந்திருந்தார். எரிந்த வாயு விரிவடைகிறது, அந்த விரிவு ஒன்றே போதும், நேரான எந்தச் சுடரும் நிலைக்காது என்பது முடிவு. ஆனால் ஆய்வுகூடத்தில் சுடர்கள் சாதுவாக நின்றுகொண்டிருந்தனவே! கணக்குக்கும் கண்ணுக்கும் இருந்த இந்த முரணைத் தீர்க்கப் பலர் உழைத்தார்கள். வளைவுக்கு ஏற்ப சுடரின் வேகம் மாறும் என்று 1951இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் மார்க்ஸ்டைன் சொன்னார். சுடர்த் தோல் இழுபட்டு அதன் பரப்பு விரிவதால் வரும் விளைவை 1953இல் பேலா கார்லோவிட்ஸ் எடுத்துக்காட்டினார். சூடும் எரிபொருளும் போட்டிபோடும் நிலைப்புக் கணக்கை 1962இல் பரென்பிளாட், இஸ்த்ராத்தொவ் ஆகியோரோடு சேர்ந்து செல்டோவிச் ஒழுங்காகச் செய்து முடித்தார்.

இழுபடுதல் நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. விளக்கை ஊதி அணைக்கும்போது நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதான். காற்று சுடர்த் தோலை இழுத்து விரிக்கிறது. விரிந்த பரப்பிலிருந்து சூடு வெளியேறும் வேகத்துக்குத் தாக்கத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. ஒரு வரம்பு வரை சுடர் தாங்கும். அதைத் தாண்டினால் ஒரே கணத்தில் இல்லாமல் போய்விடும். பெரியம்மாவின் குவிந்த கை அந்த வரம்புக்கு உள்ளே சுடரை வைத்திருந்தது.

1944இல் செல்டோவிச் இன்னொரு விசித்திரத்தையும் எழுதிவைத்தார். எந்தப் பக்கமும் நகராமல், வாயு ஓட்டமே இல்லாமல், அந்தரத்தில் ஓர் உருண்டையாக நின்று எரியும் சுடருக்கு அவருடைய சமன்பாடுகளில் இடம் இருந்தது. எரிபொருள் சுற்றிலுமிருந்து தானாக ஊர்ந்து வரும், சூடு தானாக ஊர்ந்து போகும். ஆனால் அந்த உருண்டை நிலையற்றது, கொஞ்சம் அசைந்தாலும் ஒன்றில் வீங்கும் அல்லது அணையும் என்பதும் கணக்கிலேயே தெரிந்தது. ஆகவே அது காகிதத்தோடு நின்றது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கசானிலிருந்து வந்த சத்தம்

1941இல் ஹிட்லரின் படைகள் சோவியத் மண்ணுக்குள் நுழைந்தன. ஓகஸ்டில் செல்டோவிச்சின் நிறுவனம் முழுவதும் லெனின்கிராட்டை விட்டுக் கசான் நகருக்கு இடம்பெயர்ந்தது. அவர்கள் விட்டுவந்த நகரம் அடுத்த மாதமே முற்றுகைக்குள் போனது. ஏறத்தாழ 900 நாள் நீடித்த அந்த முற்றுகையில் பல இலட்சம் பேர் பசியால் செத்தார்கள். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நகரத்தைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல?

கசானில் செல்டோவிச்சுக்குக் கொடுக்கப்பட்ட வேலை கத்யூஷா ராக்கெட் தொடர்பானது. ராக்கெட்டை வடிவமைத்தவர் அவர் அல்ல. உள்ளே இருக்கும் திண்ம வெடிமருந்து எப்படி எரிகிறது என்பதுதான் அவருடைய பொறுப்பு. அழுத்தம் கூடினால் மருந்து வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். கொஞ்சம் பிசகினால் ராக்கெட் ஏவும் வண்டியிலேயே வெடிக்கும் அல்லது பாதியில் அணையும். மருந்துக்குள் சூடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, அழுத்தம் திடீரென்று மாறும்போது அந்தச் சூடு என்ன செய்யும் என்று அவர் கணக்கிட்டார். ஆய்வுகூடச் சுடரைப் பற்றி அவருக்கு இருந்த அதே அறிவு இங்கேயும் உதவியது. நாசிகளைத் தோற்கடிப்பதில் அந்த ராக்கெட்டுக்கு ஒரு பங்கு இருந்தது. அவர் ஒரு யூதர் என்பதையும், அவர் பிறந்த மின்ஸ்கின் யூதச் சேரி அந்தப் போரில் அழிக்கப்பட்டதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஆயுதங்கள் அவற்றைச் செய்தவர்களின் காரணத்தோடு நின்றுவிடுவதில்லை. கத்யூஷாவின் வழியில் 1960களில் சோவியத்தின் கிராட் வந்தது: ஒரே வண்டியில் 40 குழல்கள், 122 மில்லிமீற்றர் ராக்கெட்டுகள். அதே ராக்கெட்டை ஏவும் வண்டியை செக்கோஸ்லோவாக்கியா ஆர்.எம்-70 என்ற பெயரில் செய்தது. 2000ஆம் ஆண்டில் அது இலங்கை இராணுவத்தின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை எங்கே கேட்டீர்கள், எந்தப் பதுங்குகுழிக்குள் எத்தனை எண்ணினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன். கசானில் குளிரில் உட்கார்ந்து மருந்தின் சூட்டைக் கணக்கிட்ட ஒருவரையும் என் பெரியப்பாவையும் ஒரே கோட்டில் வைப்பது நியாயமா? இடையில் அறுபத்தைந்து வருடமும், எத்தனையோ நாடுகளும், எத்தனையோ கையொப்பங்களும் இருக்கின்றன. அவரைக் குற்றவாளி என்று சொல்ல என்னால் முடியவில்லை. தொடர்பே இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

பெயரில்லாத நகரம்

போரின் நடுவிலேயே அணுகுண்டு வேலை தொடங்கியது. யுரேனியத்தில் சங்கிலித் தாக்கம் எப்படி நடக்கும் என்று செல்டோவிச்சும் யூலி கரித்தொனும் 1939இலேயே எழுதத் தொடங்கியிருந்தார்கள். 1943இல் இகோர் குர்ச்சாத்தொவ் அவரைத் தன் திட்டத்துக்குள் எடுத்தார். 1948இலிருந்து அவர் இருந்த இடம் வரைபடத்தில் இல்லை. பழைய சரோவ் மடாலயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, கைதிகளின் உழைப்பால் கட்டி, அர்ஸமாஸ்-16 என்று பெயரிட்ட மூடிய நகரம் அது.

அதே 1948இல் இங்கே என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் தாத்தா பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்திய வருடம்தான் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் போயிருந்தார். 1914இல் பிறந்த ஒருவர் அரசின் உச்ச இரகசியத்துக்குள் போன வருடத்தில், இன்னொருவருடைய சனங்கள் பிரஜாவுரிமைக்கு வெளியே போனார்கள்.

1949 ஓகஸ்ட் 29இல் முதல் சோவியத் அணுகுண்டு வெடித்தது. 1953 ஓகஸ்டில் வெப்ப அணுக்கருக் குண்டு. 1955 நவம்பரில் அதைவிட வலிய குண்டு. மூன்றிலும் செல்டோவிச்சின் மூளை இருந்தது. சோசலிச உழைப்பின் வீரர் என்ற உயர்ந்த விருது அவருக்கு மூன்று முறை கிடைத்தது. நெஞ்சில் மூன்று தங்க நட்சத்திரங்கள் குத்திக்கொள்ளும் உரிமை இருந்தது. விரும்பிய நாட்டுக்குப் போகும் உரிமை இருக்கவில்லை.

அங்கே அவருடன் வேலை செய்த அந்திரேய் சகாரொவ் பின்னர் வேறு பாதையில் போனார். அணுச் சோதனைகளை எதிர்த்தார், மனித உரிமைக்காகப் பேசினார், 1980இல் கோர்க்கி நகருக்கு நாடுகடத்தப்பட்டார். செல்டோவிச் அந்தப் பாதையில் போகவில்லை. அவர் ஆய்வுக்குள் இருந்துகொண்டார். பேசினால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஊரில் வாழ்ந்தவர்கள் நாம். பேசாதவரைச் சுலபமாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பேசியவரின் விலை என்னவென்று தெரிந்ததால், இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கவும் மனம் வரவில்லை.

நட்சத்திரங்கள் பக்கம்

1960களின் நடுவில் அவர் குண்டு வேலையை விட்டு வெளியே வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் ஒரு புதுத் துறைக்குள் மாணவனைப் போல் நுழைந்தார்: வானியற் பௌதிகம். கருந்துளைக்குள் விழும் வாயு எப்படிச் சுடர்விடும், அண்டத்தின் பொருள் எப்படித் தட்டையான அப்பங்களாகத் திரண்டு பின் விண்மீன் கூட்டங்களாகிறது என்று கணக்கிட்டார். மாணவர் ரஷீத் சுன்யாயெவோடு சேர்ந்து அவர் முன்னுரைத்த ஒரு விளைவை வைத்துத்தான் இன்று தூரத்து விண்மீன் கூட்டங்களின் கொத்துகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். புதிதாகக் கணிதம் கற்பவர்களுக்காக ஒரு பாடநூலும் எழுதினார். பட்டமே இல்லாமல் உள்ளே வந்தவருக்கு வாசலில் நிற்பவர்களின் கஷ்டம் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இத்தனை துறைகளில் ஒரே பெயர் வருவதால், செல்டோவிச் என்பது ஒரு குழுவின் புனைபெயர் என்றே முன்பு நினைத்திருந்ததாக ஸ்டீபன் ஹோக்கிங் வேடிக்கையாகச் சொன்னாராம். அவர் 1973இல் மொஸ்கோ வந்தபோது செல்டோவிச்சோடு பேசியது, கருந்துளை பற்றிய அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்புக்கு ஒரு தூண்டுதலாக இருந்தது.

சுடரையும் அவர் கைவிடவில்லை. 1980இல் மூன்று பேரோடு சேர்ந்து எரிதலின் கணிதக் கோட்பாடு பற்றிய பெரிய நூலைக் கொண்டுவந்தார். 1987 டிசம்பர் 2ஆம் திகதி, 73ஆவது வயதில் மொஸ்கோவில் இறந்தார். இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதி வரும் என்று காத்திருந்து, வராது என்று தெரிந்துகொண்ட வருடம் அது.

அந்தரத்தில் நின்ற உருண்டை

காகிதத்தோடு நின்ற சுடர் உருண்டைக்கு வருகிறேன். 1980களில் அமெரிக்காவில் போல் ரொனி என்ற ஆய்வாளர், உயரமான கோபுரத்திலிருந்து ஒரு பெட்டியை விழவிட்டு, அது விழும் சில விநாடிகளுக்குள் உள்ளே எரியும் வாயுவைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். விழும் பெட்டிக்குள் எடையில்லை. சூடான வாயு மேலே எழாது. மிகக் கொஞ்சமாக ஐதரசன் கலந்த வாயுவில் சுடர் உடைந்து, சிறு உருண்டைகளாக அசையாமல் நின்றது. செல்டோவிச் நாற்பது வருடம் முன்பு எழுதியது அதுவே. நிலையற்றது என்று அவர் கணித்த உருண்டை, தன் சூட்டில் கொஞ்சத்தை ஒளிவீச்சாக வெளியே விட்டபோது நிலைபெற்றது என்று பின்னர் விளங்கிக்கொண்டார்கள். இழப்பதால் நிலைத்த சுடர்.

1997இல் அதை விண்கலத்தில் வைத்துப் பார்த்தார்கள். மறுபடி 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலத்தில். அந்தப் பயணத்தில் இருந்த ஏழு பேரில் ஒருவர், ஹரியானாவின் கர்னால் ஊரில் பிறந்த கல்பனா சாவ்லா. அங்கே உருவான சுடர் உருண்டைகளில் ஒன்று ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக எரிந்தது. ஒவ்வொன்றின் வலுவும் ஒரு வாற்று அளவுதான். பிறந்தநாள் மெழுகுதிரியில்கூட அதைவிடப் பல மடங்கு இருக்கும். மனிதர் கண்ட மிக மெலிந்த சுடர்களில் அவை அடங்கும். 2003 பெப்ரவரி 1ஆம் திகதி திரும்பும் வழியில் கொலம்பியா உடைந்து ஏழு பேரும் இறந்தார்கள். பரிசோதனைத் தகவல்களில் பெரும் பகுதி அதற்கு முன்பே தரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்தப் பெப்ரவரி வன்னியில் போர்நிறுத்தக் காலம். ஏ-9 பாதை திறந்திருந்தது. கல்பனாவின் செய்தியை வானொலியில் கேட்டதாகப் பெரியம்மாவுக்கு நினைவிருக்கிறது. அண்ணா அன்று முழுதும் சாப்பிடவில்லையாம். அவனுக்கு விஞ்ஞானம் என்றால் உயிர் என்றார். அண்ணாவைப் பற்றி அவர் என்னிடம் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அன்றிரவு லாம்பு வெளிச்சத்தில் இந்தக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். பக்கத்தில் அக்காவின் மகள் இருந்தாள். அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதப்போகிறவள். விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் அவள் விடியுமுன் பஸ் ஏறி நகரத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும், அங்கே இடம் கிடைத்தால். மலையகத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை என்று எத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். 2021இன் கடைசியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தபோது, இந்த லயத்தில் ஒரு மாதம் எல்லோரும் விறகுக்குத் திரும்பினார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் வாயுக்களின் விகிதம் பற்றித் தொலைக்காட்சியில் சண்டை நடந்தது. எங்களுக்கு அதை விளக்கிச் சொல்ல இங்கே ஒருவரும் இருக்கவில்லை.

முந்திப் போன பெண்ணின் உதாரணம் அவளுக்கு உடனே விளங்கியது. கொழுந்தும் குளிரும் சமமாக வந்தால் நிரை என்ன ஆகும் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போய்த் தேடிப் பார்த்தேன். அந்தச் சமநிலை எரிதல் ஆய்வில் ஒரு முக்கியமான எல்லைக்கோடு. இரு பக்கத்தையும் அதிலிருந்துதான் அளக்கிறார்கள்.

பெரியம்மா கேட்டது வேறு. தான் கணக்குப் போட்ட மருந்து போய் விழுந்த இடத்தை அந்த மனிதர் ஒரு தடவையாவது நேரில் பார்த்தாரா என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் கொஞ்ச நேரம் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியின் புத்தகத்தின் பக்கமாக லாம்பை நகர்த்தி வைத்து, காற்று வரும் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டார்.